மூன்று நிறச் சார்ஜர்கள்

சமையல் மேஜையில் மூன்று சார்ஜர்கள்.
ஆரஞ்சு, பச்சை, ஒரு அசட்டு நீலம்.
ரொட்டிக்கு இடமில்லை.
பதினொரு வருஷக் கூட்டாளி உர்மாஸ்
தட்டைக் கையில் பிடித்து நின்றே தின்கிறான்.

வில்யாந்தியில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினாலு.
நகராட்சி கடிதம் போட்டுவிட்டது:
பாலர் பள்ளி, கல்லறைத் தோட்டம், ஆஸ்பத்திரிப் பின்பக்கம்,
வசந்தம் முதல் எங்கும் பெட்ரோல் ரம்பம் உறுமக் கூடாது.
ஒப்பந்தம் வேண்டுமா, பேட்டரி.

விற்க வந்த பையன் வோல்ட் சொன்னான்,
ஆம்பியர் சொன்னான், இரண்டையும் பெருக்கிக் காட்டினான்.
நான் கேட்டது ஒன்றுதான்:
தடித்த கையுறையோடு இந்தப் பொத்தான் அழுந்துமா?
கழற்றிவிட்டு அழுத்துங்களேன் என்றான்.
பதினெட்டு மீட்டர் உயரத்தில்
பல்லால் கையுறையைக் கழற்றியதுண்டா என்று
கேட்க வாயெடுத்தேன்.
காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ரம்பம் வாங்குவதென்றால் ஒரு சாயங்கால வேலை.
இது சம்பந்தம் பேசுகிற காரியம்.
ஆரஞ்சுக்கு வாழ்க்கைப்பட்டால்
வேலி கத்தரிப்பதும் இலை ஊதுவதும்
என்றோ வாங்கப்போகும் புல்வெட்டியும்
அந்த வீட்டிலிருந்தே வந்தாக வேண்டும்.
பச்சை வீட்டுப் பேட்டரி அந்த வாசலில் நுழையாது.
நுழையாதிருக்கவென்றே
ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காது
வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்து லிண்டன் மரத்தில்
மூன்றையும் ஏற்றிப் பார்த்தோம்.

நீலம் இருபத்திரண்டு நிமிஷம்.
மூன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே செத்தது,
கிளையில் பாதி கடித்த பல்லோடு.
பச்சைக்கு அசுர பலம்.
ஆனால் இடுப்பில் தொங்குகையில்
தூங்கிப்போன பிள்ளையின் கனம்.
ஆரஞ்சு
சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை.
வெட்டியது. நின்றது. திரும்ப வெட்டியது.

அப்புறம் அந்த நிசப்தம்.
ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே
எஞ்சின் முனகல் இல்லாத அரை நிமிஷம்.
நார் பிரிவதற்கு முன்
மரம் ஒரு தடவை தொண்டையைக் கனைக்கிறது,
இத்தனை வருஷம் அதைக் கேட்டதேயில்லை.
மரங்கொத்தி எங்கேயோ பில் போட்டுக்கொண்டிருந்தது.
கீழே உர்மாஸ் பேசிக்கொண்டிருந்தான்.

யாரோடு என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.
'அங்கே இல்லை ஹெல்யே, அங்கே இல்லை,
வலப்பக்கம், ஆட்டு மண்டை,
கயிற்றை எதில் கட்டுகிறாள் பார்,
ஐயோ, சரி, சரி, நல்ல வெட்டு.'
பதினொரு வருஷமாக
கைச்சைகை காட்டிச் சிரித்த மனிதன்
அத்தனை நாளும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.
நடுவில் பாராட்டியுமிருக்கிறான்.
இரண்டும் பெட்ரோல் புகையோடு போயிருக்கிறது.

இறங்கிய பிறகு நான் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்திவிடுவான்.

கணக்கு இப்படி:
பேட்டரி எட்டு, சார்ஜர் இரண்டு, வேனுக்கு ஓர் இன்வெர்ட்டர்,
நாலாயிரத்து முந்நூறு யூரோ.
பாங்கில் பேசியது நான்,
பெருமூச்சு விட்டது அவன்.
பச்சையின் பலம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.
ஆனால் ஆரஞ்சை ரிப்பேர் பார்க்கிற ரேட்
நாலு கிலோமீட்டரில் கடை வைத்திருக்கிறார்,
சனிக்கிழமையும் திறப்பார், நாயோடு உட்கார்ந்திருப்பார்.
பச்சைக்கு ரிப்பேர் என்றால் தாலின் வரை போகணும்.
அங்கேதான் முடிவானது.
வோல்ட்டில் இல்லை.

பெட்ரோல் ரம்பத்தை விற்கவில்லை.
நகராட்சி எல்லைக்கு அந்தப்பக்கம்
ஓக் மரத்தின் அடித்தண்டு என்றால்
அதன் கயிற்றை இழுத்தே தீரணும்.
அன்றைக்கு மட்டும்
உர்மாஸ் என்ன சொல்கிறான் என்று தெரியாது.

இப்போது மறுபடியும் மரத்தின் மேல்.
குளிரில் பேட்டரி உயிரை விடாதிருக்க
இரண்டை உள்சட்டைக்குள் போட்டிருக்கிறேன்.
விலா எலும்பில் இடிக்கின்றன.
ரம்பத்திலிருப்பதில் கடைசி விளக்கு
மினுங்க ஆரம்பித்துவிட்டது.
'மாற்று, மாற்று, எதற்குக் காத்திருக்கிறாள்?'
என்கிறது கீழே.

பொறு.
கையுறையோடுதான் மாற்றுகிறேன்.